அரிப்புக் கோட்டையை அதன் உண்மைக் கதையோடு காத்துத் தாருங்கள்

தொல்லியல் திணைக்களத்தின் பணிப்பாளர் நாயகம் அவர்களுக்கும், மன்னார் மாவட்டச் செயலாளர் அவர்களுக்கும், முசலிப் பிரதேச சபையின் தவிசாளர், உறுப்பினர்கள் ஆகியோருக்கும்,

வணக்கம்.

மன்னார் மாவட்டத்தின் அரிப்பு என்னும் ஊர்க் கடற்கரையில் கூரையின்றி நிற்கும் சிறு கோட்டையைப் பற்றி இம்மடலை எழுதுகிறேன். போர்த்துக்கேயர் கட்டி, 1658இல் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) வசமான இக்கோட்டை ஏறக்குறையச் சதுர வடிவானது; இரண்டே கொத்தளங்கள் கொண்டது. யாழ்ப்பாணக் கோட்டையைப் பார்த்துவிட்டு வருபவர் கண்ணுக்கு இது ஒரு காவலரண் அளவில்தான் தெரியும். அருகிலேயே பிரித்தானிய ஆளுநர் பிரெடெரிக் நோர்த் கட்டுவித்த மாளிகையின் இடிபாடும் இருப்பதாலும், அல்லிராணிக் கோட்டை என்ற பெயர் இரண்டுக்கும் மாறி மாறி வழங்குவதாலும், வெளியூரார் பெரும்பாலும் மாளிகையோடு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். உலக இலக்கியத்தோடு தொடர்புள்ள கட்டடம் இந்தக் கோட்டைதான் என்பதை அவர்களுக்குச் சொல்ல அங்கே எதுவும் இல்லை.

1660இல் கொட்டியாரக் குடாவில் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்களிடம் பிடிபட்ட ஆங்கிலக் கப்பல் தலைவரின் மகன் றொபேட் நொக்ஸ், பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் கண்டி இராச்சியத்தில் தடுத்து வைக்கப்பட்டிருந்தார். தொப்பி பின்னி விற்றும், நெல்லை வட்டிக்குக் கொடுத்தும் காலம் தள்ளியவர், ஊர் ஊராய்ப் பண்டம் விற்பவராய் நடமாடி வழி விசாரித்து, கடைசியில் ஸ்டீபன் ரட்லண்ட் என்ற தோழருடன் அநுராதபுரத்திலிருந்து ஆற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தார். சிங்களத்தில் மல்வத்து ஓயா எனப்படும் அந்த ஆறுதான் நம்முடைய அருவியாறு. தேக்கம் என்னும் அணையில் மறிக்கப்பட்டுக் கட்டுக்கரைக் குளத்தை நிரப்பும் அதே ஆறு. இரவில் தாளிப்பனை ஓலையை விரித்துக் கூடாரமாக்கி, யானை நெருங்கினால் கொள்ளிக்கட்டையை வீசி, ஆற்றோரம் செதுக்கிய கற்றூண்கள் ஏராளமாய்க் கிடந்ததையும் கவனித்துக்கொண்டே அவர்கள் வந்தார்கள். காட்டுக்குள் அத்தகைய தூண்களைக் கண்டு பழகிய வன்னியாருக்கு இது புதினமல்ல. ஆனால் மூன்றரை நூற்றாண்டுக்கு முன் ஒருவர் அதை எழுதி வைத்திருக்கிறார் என்பது நம் பிள்ளைகள் அறிய வேண்டிய செய்தி. ஒல்லாந்தருக்குக் கட்டுப்படாத வன்னித் தலைவன் ஒருவனையும் அவர் குறிப்பிடுகிறார். அவனைக் கைலாய வன்னியன் என்று வரலாற்றாசிரியர்கள் இனங்காண்பர். 1679 ஒக்டோபர் 18ஆம் திகதி மாலை நான்கு மணியளவில் அவர்கள் அரிப்புக் கோட்டையை அடைந்தார்கள்.

நொக்ஸ் தம் இலங்கை அனுபவத்தை எழுதிய நூல் 1681இல் இலண்டனில் வெளிவந்தது. டானியல் டீஃபோ 1720இல் வெளியிட்ட ‘கப்டன் சிங்கிள்டன்’ நாவலில், நொக்ஸின் சிறைவாழ்வும் அவர் தப்பிய கதையும் பெயரோடு சுருக்கிச் சொல்லப்படுகின்றன. அதற்கு முந்திய ஆண்டில் வந்த டீஃபோவின் ‘ராபின்சன் குரூசோ’ நாவலுக்கும் நொக்ஸின் நூல் தூண்டுதலாய் இருந்தது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அலெக்சாண்டர் செல்கேர்க் என்ற ஸ்கொட்லாந்து மாலுமியின் அனுபவமே அதன் மூலம் என்ற கருத்துத்தான் கூடுதலாகப் பேசப்படுகிறது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. சுற்றுலாவின் பெயரில் ‘குரூசோ பிறந்த இடம்’ என்று யாராவது பலகை எழுதிவிடுவார்களோ என்பது என் கவலை. அப்படியொரு பொய் இந்தக் கோட்டைக்குத் தேவையில்லை. தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும், ஒரே செய்தியைக் குறைக்காமல் கூட்டாமல் எழுதிய பெயர்ப்பலகை ஒன்று போதும்: யார் கட்டினார்கள், யார் ஓடி வந்து சேர்ந்தார், எந்த ஆற்று வழியாய், யாருடைய நிலத்தைக் கடந்து. கடைசி இரண்டையும் விட்டுவிட்டால் வன்னி அந்தக் கதையிலிருந்து காணாமல் போய்விடும்.

அடுத்தது கட்டடம். சுவரில் கை வைத்தால் காரைப் பூச்சு உப்புப் பொருமி மாவாய் உதிர்ந்து விரலில் ஒட்டுகிறது. இதைக் கண்டு சீமெந்து பூசிவிட வேண்டாம் என்று வேண்டுகிறேன். சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை உள்வாங்கி வெளியே விடும். சீமெந்து அதை உள்ளேயே அடைத்துவிடும். அடைபட்ட ஈரத்திலுள்ள உப்பு படிகமாகும்போது பூச்சுக்குப் பின்னாலிருக்கும் செங்கல்லும் கல்லும் நொறுங்கும். பளபளப்பாகத் திருத்தப்பட்ட பழைய கட்டடங்கள் சில ஆண்டுகளில் பாளம் பாளமாய்க் கழன்று விழுவதை நாம் வேறிடங்களில் கண்டிருக்கிறோம். இழந்த கூரையைப் புதிதாய்ப் போடவும் வேண்டாம். நிற்பதை நிற்க வைத்து, அளந்து வரைந்து, கடலரிப்பு எவ்வளவு நெருங்குகிறது என்பதை ஆண்டுதோறும் பதிவு செய்தாலே பெரிய காரியம்.

1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்ட கட்டடங்களைப் புராதனச் சின்னங்களாகக் கொள்ளும் 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டத்தின் வரையறைக்குள் இக்கோட்டை ஐயமின்றி வருகிறது. ஆயினும் ஒன்றை ஒளிவின்றிச் சொல்ல வேண்டும். வடக்கில் தொல்லியல் எல்லைக்கல் நாட்டப்படும் இடங்களில், அடுத்துக் காணி போய்விடுமோ என்று சனங்கள் அஞ்சுகிறார்கள். அரிப்பு ஒரு மீன்பிடிக் கிராமம். வள்ளம் இழுத்து வைக்கவும், வலை காயப் போடவும், கருவாடு உலர்த்தவும் இந்தக் கரைதான் உண்டு. எனவே அளவையாளர் வருமுன்பே ஊரில் தமிழில் ஒரு கூட்டம் வைத்து, எல்லை எங்கே போகிறது, எந்தத் தொழிலுக்கும் பாதைக்கும் தடையில்லை என்பதை வரைபடத்தில் காட்டி, கடற்றொழிலாளர் சங்கமும் பங்குமக்களும் சொல்வதைப் பதிவு செய்து, அப்பதிவின் பிரதியை அவர்களிடமே கையளியுங்கள். காவலாளி வேலைக்கும் வழிகாட்டி வேலைக்கும் அவ்வூர் இளைஞரையே முதலில் கேளுங்கள்.

வடகீழ்ப் பருவமழை தொடங்குமுன் அளவைப் பணியையாவது முடிக்க முடியுமா என்பதற்கு எழுத்தில் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
வன்னிப் பெருநிலப்பரப்பில் வாழும் ஆசிரியன் ஒருவன்