சோதனை விலங்குக் கூடங்களில் விடுமுறை நாளிலும் தண்ணீரும் ஆளும் உறுதிசெய்யக் கோரும் மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற விலங்குக்கூடப் பராமரிப்பாளர்,
சூலூர் வட்டம், கோயம்புத்தூர் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், கோயம்புத்தூர்.

பொருள்: கல்லூரிகளில் ஆராய்ச்சிக்காக வளர்க்கப்படும் எலி, முயல்களின் பராமரிப்பை ஆய்வு செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் பகுதியில் ஒரு தனியார் மருந்தியல் கல்லூரியின் அனிமல் ஹவுஸில் பதினோரு வருடம் வேலை பார்த்தேன். கூண்டு கழுவுவது, உமி மாற்றுவது, தீவனம் போடுவது, தண்ணீர் வைப்பது எல்லாம் என் பொறுப்பு.

ஒரு தீபாவளிக்கு நான்கு நாள் விடுமுறை விட்டார்கள். பாட்டில்களை நிரப்பிவிட்டுப் பூட்டிக்கொண்டு போ, நடுவில் யாரும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். திரும்பி வந்து கதவைத் திறந்தபோது மூன்றாவது அடுக்கில் ஒரு கூண்டில் ஆறு வெள்ளை எலிகளும் செத்துக் கிடந்தன. தீவனம் அப்படியே இருந்தது. பாட்டிலும் நிறைந்தே இருந்தது. எலி நக்கினால் நகர்ந்து தண்ணீர் விட வேண்டிய, குழாய் நுனியில் இருக்கும் சின்ன இரும்புக் குண்டு இறுகிப்போயிருந்தது. விரலால் ஒரு தட்டு தட்டினேன், உடனே தண்ணீர் சொட்டியது. அந்த நுனிக்கு நேர் கீழே மூன்று எலிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன.

பதிவேட்டில் ‘நோயால் இறப்பு’ என்று எழுதச் சொன்னார்கள். எழுதினேன். அது பொய் என்று இந்த மனுவிலாவது பதிவு செய்கிறேன்.

ஆராய்ச்சியே கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. சின்ன வயதில் வெறிநாய் கடித்து, தொப்புளைச் சுற்றி 14 ஊசி போட்டுப் பிழைத்தவன் நான். அப்போதெல்லாம் குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டில் ஆட்டு மூளையிலிருந்துதான் அந்த மருந்தைத் தயாரித்தார்கள். 2004-ஓடு நாடு முழுவதும் அந்த ஊசி நிறுத்தப்பட்டு, செல் வளர்ப்பில் தயாராகும் தடுப்பூசி வந்தது. ஆடும் தப்பியது, வயிற்றில் ஊசி வாங்குவதிலிருந்து குழந்தைகளும் தப்பினார்கள். மனது வைத்தால் வழி பிறக்கும் என்பதை நம் மலைமேலேயே பார்த்திருக்கிறோம்.

ஆனால் அந்த ஆறு எலிகளும் ஆராய்ச்சியில் சாகவில்லை. தாகத்தில் செத்தன. 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம் ஆராய்ச்சியை அனுமதிக்கிறது, சரி. வளர்ப்பவர் போதிய உணவும் தண்ணீரும் கொடுக்காமல் விடுவதை அதே சட்டத்தின் 11-ஆம் பிரிவு குற்றம் என்கிறது. எங்கள் பக்கம் கட்டுத்தரையில் மாட்டுக்குத் தண்ணி காட்டாமல் வீட்டில் யாரும் சோற்றில் கை வைக்க மாட்டார்கள். வெளியூர் போவதென்றால்கூடப் பக்கத்துத் தோட்டத்தில் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவார்கள். படித்தவர்கள் நடத்தும் இடத்தில் அந்த வழக்கம் இல்லாமல் போனதுதான் தாங்க முடியவில்லை.

ஆகவே, மாவட்ட மிருகவதைத் தடுப்புச் சங்கத்தின் மூலமும் கால்நடைப் பராமரிப்புத் துறை மருத்துவர்களைக் கொண்டும் மாவட்டத்திலுள்ள எல்லா விலங்குக் கூடங்களையும் முன்னறிவிப்பின்றிப் பார்வையிட ஏற்பாடு செய்ய வேண்டுகிறேன். பொங்கல், தீபாவளி விடுமுறையில் போனால்தான் உண்மை தெரியும். ஞாயிறு உட்படத் தினமும் ஒருவர் வந்து ஒவ்வொரு பாட்டில் நுனியையும் தொட்டுப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்று உத்தரவிடுங்கள்.

விலங்குச் சோதனை பற்றிய 1998-ஆம் ஆண்டு விதிகளின் கீழ், ஒவ்வொரு நிறுவனத்திலும் சோதனைகளைக் கண்காணிக்க அமையும் விலங்கு நெறிமுறைக் குழுவில், விஞ்ஞானி அல்லாத சமூக அக்கறையுள்ள ஒருவரும் இருக்க வேண்டும். நான் இருந்த கல்லூரியில் அந்த உறுப்பினர் கூண்டுப் பக்கம் வந்து ஒரு நாளும் பார்த்ததில்லை. ஆடு மாடு வளர்த்த அனுபவமுள்ள உள்ளூர்க்காரர்களை அந்த இடத்துக்குப் பரிந்துரைக்கலாம்.

பராமரிப்பாளர்களுக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் பயிற்சி கிடைக்கச் செய்தால் பெரிய உதவியாக இருக்கும். முயலின் பின்பாகத்தைத் தாங்காமல் தூக்கினால் அது உதறி உதைத்துத் தன் முதுகெலும்பையே முறித்துக்கொள்ளும். எனக்கு அதை யாரும் சொல்லித்தரவில்லை, ஒரு முயல் போன பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

அப்புறம், பி.பார்ம் (மருந்தியல் இளநிலைப் பட்டம்) பாடத்திட்டமே விலங்குச் செய்முறைகளை மென்பொருளிலும் வீடியோவிலும் காட்டச் சொல்கிறது. அதைக் கல்லூரிகள் கடைப்பிடிக்கின்றனவா என்றும் விசாரிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

ஆய்வுக்கு வரும் அலுவலர்களுடன் கூடவே வந்து எங்கே எதைப் பார்க்க வேண்டும் என்று காட்ட நான் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)