ரவான் காய்ச்சும் தீ

போர்ட் லூயிஸ்
ஞாயிறு இரவு

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது பெரிய நிம்மதி. எனக்கு இங்கே இன்னும் 4 மாத வேலை இருக்கிறது.

நேற்றுச் சாயங்காலம் கடற்கரையில் உன் நினைப்பாகவே இருந்தது. காய்ந்த ஓலையைக் கொளுத்தி ஒரு பெரியவர் ரவான் என்ற மேளத்தைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். சல்லடை மாதிரி அகன்ற வட்டச் சட்டம், ஒரு பக்கம் ஆட்டுத்தோல். திருப்பித் திருப்பித் தீயில் காட்டுவதும் விரலால் சுண்டிப் பார்ப்பதுமாக இருந்தார். கணீரென்று சத்தம் வந்த பிறகுதான் எழுந்தார். நம் ஊரில் வைக்கோல் தீயில் பறை காய்ச்சுவார்களே, அதே பக்குவம்! செயற்கைத் தோல் போட்ட ரவானும் இப்போது வந்துவிட்டது. அதற்குத் தீயே வேண்டாம். இவர் அதைத் தொடுவதில்லையாம்.

ரவான் சேகாவுக்கு அடிக்கும் மேளம். இந்த மொரீஷியஸுக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் பாட்டும் ஆட்டமும்தான் சேகா. 2014-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏறியது. 2016-இல் போஜ்புரி பேசும் பெண்கள் கல்யாண வீட்டில் பாடும் கீத்-கவாய், அடுத்த ஆண்டு இந்த நாட்டைச் சேர்ந்த ரோட்ரிக்ஸ் தீவின் மேளச் சேகாவான சேகா தம்பூர். சுமார் 12.5 லட்சம் பேர் வாழும் சின்ன நாட்டுக்கு இத்தனை! பட்டியலில் ஏற்றியதோடு விட்டுவிடாமல் கீத்-கவாய் சொல்லிக்கொடுக்கப் பள்ளிகளும் நடத்துகிறார்கள். எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது.

மனசைப் பிசைவது இந்தியப் பெருங்கடலின் சாகோஸ் தீவுக்கூட்டத்துக்காரர்களின் சேகா தம்பூர். அங்குள்ள தியேகோ கார்சியா தீவில் அமெரிக்க ராணுவத் தளம் அமைக்க, 1968-க்கும் 1973-க்கும் இடையில் அந்தத் தீவுக்கூட்டத்து மக்கள் எல்லாரையும் பிரிட்டன் வெளியேற்றியது. பலர் இங்கே வந்து சேர்ந்தார்கள். அவர்கள் பாட்டு 2019-இல் உடனடியாகக் காப்பாற்ற வேண்டியவை என்ற யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அங்கே பிறந்த பாட்டி ஒருவர் நேற்றுப் பாடினார். கூடவே பாடிய பேத்தி நடுவில் நிறுத்தி, ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்டாள். தென்னந்தோப்பில் செய்யும் ஏதோ ஒரு வேலையின் பெயர் அது. பாட்டி வாயால் சொல்லிப் பார்த்தார், முடியவில்லை. கடைசியில் எழுந்து நின்று, இல்லாத தேங்காயைக் கையில் பிடித்து உரித்துக் காட்டினார். அந்தத் தோப்பைப் பேத்தி பார்த்ததே இல்லை, முருகேசா. பாட்டை மட்டும் வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள் என்றே ராத்திரி முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

ரவான்காரரிடம் நம் பறையைப் பற்றிச் சொன்னேன். எந்த மரம், எந்தத் தோல், எவ்வளவு நேரம் காய்ச்சுவீர்கள் என்று துருவித் துருவிக் கேட்டார். எனக்குப் பாதிக்கு மேல் பதில் தெரியவில்லை. வருகிற கோயில் கொடையில் பறை காய்ச்சும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுது. முடிந்தால் போனில் படம் பிடித்து அனுப்பு. அவரிடம் காட்டுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

அன்புடன்,
செல்வம்