எங்க நடை சங்கத்தோட ஆண்டறிக்கை – செயலாளர் எழுதினது

எல்லாருக்கும் வணக்கமுங்க. போன தடவை அறிக்கை ரொம்ப ஆபீஸ் லெட்டர் மாதிரி இருந்துச்சுன்னு தலைவர் ஐயா சொன்னாரு, அதனால இந்த தடவை பேசற மாதிரியே எழுதிட்டேன், தப்பு இருந்தா பொறுத்துக்குங்க.

தினமும் காலைல மைதானத்த சுத்தி நடக்கறத பத்தி சொல்ல பெருசா ஒண்ணுமில்ல. வழக்கம்போல மார்கழில ஆள் குறைஞ்சாங்க, தை பொறந்ததும் வந்துட்டாங்க. இந்த வருஷத்து விசேஷம்னா மூணு அருவி பயணம் தான். எல்லாம் சேலத்துல இருந்து காலைல கிளம்பி ராத்திரி வீட்டுக்கு வந்து படுக்கற தூரம் தான்.

முதல்ல கிளியூர். இதுக்கு முழு பொறுப்பும் நான் தான், ஒத்துக்கறேன். ஏற்காடு ஏரி நிரம்பி வழிஞ்சா தான் அங்க தண்ணி விழும்ங்கறது ஊருக்கே தெரியும், இருந்தாலும் நான் தான் ஏப்ரல்ல டேட் வச்சேன், எல்லாருக்கும் அப்ப தான் லீவுன்னு. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, அப்புறம் படி இறங்கி போய் பாத்தா முன்னூறு அடி பாறைல கருப்பா தண்ணி வடிஞ்ச தடம் மட்டும் இருக்கு, கீழ குட்டைல ரெண்டு கொரங்கு உக்காந்து எங்கள பாக்குது. யாரும் என்ன திட்டல, அது தான் இன்னும் கஷ்டமா இருந்துச்சு. திரும்பி வந்து ஏரிக்கரைல மிளகா பஜ்ஜி வாங்கி குடுத்தேன், அது என் சொந்த காசு, சங்க கணக்குல எழுதல.

ரெண்டாவது கொல்லிமலை ஆகாய கங்கை, ஐப்பசி மழை கொஞ்சம் விட்டப்புறம் போனோம். காரவள்ளி பக்கமா எழுபது வளைவு, ஒவ்வொரு வளைவுலயும் நம்பர் போர்டு இருக்கு, நாப்பதுக்கு மேல வேன்ல பேச்சே இல்ல. எலுமிச்சம்பழம் கொண்டு வாங்கன்னு குரூப்ல போட்டிருந்தேன், கொண்டு வந்தது மூணு பேர், மிச்ச பேருக்கு கவர் தான். அறப்பளீசுவரர் கோயில்ல சாமி கும்பிட்டுட்டு பக்கத்துலயே படி ஆரம்பிக்குது. ஆயிரத்துக்கு மேல படிங்க, ஒரே அளவுல இருக்காது, ஒண்ணு அரை அடி, அடுத்தது முட்டி உயரம். மலைல அருவின்னா மேல ஏறி போய் பாக்கறதுன்னு தான் நம்ம மனசுல இருக்கும், ஆனா கிளியூரும் சரி இதுவும் சரி முதல்ல இறங்கணும், தெம்பு இருக்கும்போது சுளுவான வேலை, தெம்பெல்லாம் போனப்புறம் கஷ்டமான வேலை. நூறு படிக்கு மேல இறங்கினதும் தொடை தானா நடுங்க ஆரம்பிக்கும், அப்பவே திரும்பிடலாம்னு தோணும், ஆனா கீழ இருந்து சத்தம் கேக்கும், விட மாட்டோம்.

கடைசி திருப்பத்துல அருவி கண்ணுக்கு தெரியறதுக்கு முன்னாடியே சாரல் வந்து மூஞ்சில அடிச்சுது. கண்ணாடி போட்டவங்களுக்கு ஒண்ணும் தெரியல, கழட்டினா அப்பவும் ஒண்ணும் தெரியல. நேர் கீழ போய் நிக்கவே முடியாது, அந்த வேகம். நம்ம பொருளாளர் அக்கா மட்டும் ஓரமா ஒரு பாறைல உக்காந்து ஒரு மணி நேரம் எந்திரிக்கவே இல்ல.

ஏறி வரும்போது நம்ம ரிட்டயர்டு வாத்தியார் ஐயாவுக்கு முட்டி பிடிச்சுக்கிச்சு. இருபது படி ஏறுவாரு, உக்காருவாரு, திரும்ப இருபது. ரெண்டு பசங்க கூடவே இருந்தாங்க, அவங்களுக்கு சங்கம் சார்பா நன்றி. மேல வந்து சேர ரெண்டரை மணி நேரம் ஆச்சு. வந்ததும் முடவாட்டுக்கால் சூப்பு. பாக்காதவங்களுக்கு சொல்றேன், அது பாறைல வளர்ற கிழங்கு, மேல பழுப்பா முடி முடியா இருக்கும், கடைல அடுக்கி வச்சிருக்கறத பாத்தா நெசமாவே ஆட்டுக்கால் மாதிரியே தெரியும். முடிய சீவிட்டு நறுக்கி மிளகு சீரகம் பூண்டு தட்டி போட்டு கொதிக்க வைக்கறாங்க. முட்டி வலிக்கு நல்லதுன்னு சொல்லி விக்கறாங்க, அந்த படி ஏறி வந்தவங்க கிட்ட அத சொன்னா யாரு தான் வேணாம்பாங்க. வாத்தியார் மூணு டம்ளர் குடிச்சாரு.

மூணாவது புளியஞ்சோலை. ஆகாய கங்கைல விழுற அதே அய்யாறு தான் மலைய விட்டு இறங்கி இங்க வருது, மேல பாத்தாச்சு கீழயும் பாத்துடலாம்னு கார்த்திகைல போனோம். வெயில் நல்லா அடிச்சுட்டு இருந்துச்சு, ஓடைல முட்டியளவு தண்ணி, நாங்க பாறை மேல தாவி தாவி உள்ள நடந்துட்டு இருக்கோம், தண்ணி செம்மண் கலர்ல மாற ஆரம்பிச்சுது, இலையும் சுள்ளியும் மிதந்து வருது. இங்க வெயிலா இருந்தாலும் மேல மலைல மழை பெஞ்சா தண்ணி நமக்கு சொல்லிட்டு வராதுங்க. 2024 மே மாசம் பழைய குற்றாலத்துல திடீர்னு வந்த வெள்ளத்துல ஒரு பையன் போனானே, அது தான் எனக்கு ஞாபகம் வந்துச்சு. எல்லாரும் கரை ஏறுங்கன்னு கத்திட்டேன். சில பேருக்கு கோவம், இவ்வளவு தூரம் வந்து கால் நனைக்காம போறதான்னு. கரைல மர நிழல்ல உக்காந்து புளிசாதம் சாப்டுட்டு கிளம்பிட்டோம். அப்புறம் வெள்ளம் வந்துச்சா செயலாளரேன்னு இன்னிக்கும் கேக்கறாங்க. தெரியாதுங்க, நாங்க தான் அங்க இல்லையே.

அந்த பயணத்துக்கு வந்த வேன் பத்தியும் சொல்லணும். போட்டோல காட்டினது ஒரு வண்டி, வந்தது வேற வண்டி, பின் டயர் மொட்டையா இருந்துச்சு, துறையூர் தாண்டி பஞ்சர். அட்வான்ஸ்ல கழிச்சு தரேன்னாங்க, இன்னும் தரல. இனிமே டயர பாத்துட்டு தான் அட்வான்ஸ்.

குப்பை விஷயம். ஒவ்வொரு தடவையும் ஒரு கோணிப்பை எடுத்துட்டு போய் நம்ம குப்பையோட அங்க கிடக்கறதையும் பொறுக்கினோம். 2019ல இருந்து பிளாஸ்டிக் கவருக்கு தடை இருக்கு, ஆனா ஷாம்பு பாக்கெட்டுக்கு யாரும் அத சொல்லல போல, பாறை இடுக்குல பூரா அது தான். நம்ம ஆளுங்களும் ஒருத்தர் ரெண்டு பேர் சோப்பு எடுத்துட்டு வந்தீங்க, பேர் போடல, அடுத்த தடவை வீட்லயே குளிச்சுட்டு வாங்க.

கமிட்டில முடிவானது: படி இறங்கற இடத்துல மதியம் ரெண்டு மணிக்கு எல்லாரும் மேல ஏற ஆரம்பிச்சுடணும், மெதுவா நடக்கறவங்க தான் முன்னாடி போவாங்க. மழை மாசத்துல போறதுக்கு முந்தின நாள் அங்க யாருக்காவது போன் போட்டு குளிக்க விடறாங்களான்னு கேக்கணும். கிளியூருக்கு திரும்ப போறது ஏரி வழிஞ்சப்புறம் மட்டும், டேட் நான் வைக்க மாட்டேன்.

வரவு செலவ பொருளாளர் அக்கா தனியா வாசிப்பாங்க, எனக்கு தெரிஞ்ச வரைக்கும் கைல இருப்பு கம்மி தான், சந்தா பாக்கி இருக்கறவங்க சீக்கிரம் குடுத்துடுங்க. ஆகாய கங்கைக்கு போன அன்னிக்கு வேன்ல விட்டுட்டு போன ஊதா கலர் துண்டும் எட்டாம் நம்பர் செருப்பும், இடது கால் மட்டும், எங்க வீட்ல இருக்கு, யாருதுன்னு வந்து வாங்கிக்குங்க.