எல்லைக்கு அப்பாலுள்ள குடும்ப வீட்டுக்குப் பகலில் சென்று திரும்ப அனுமதி கோரும் மனு

அனுப்புநர்
ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி ஆசிரியர்,
மஞ்சக்குப்பம், கடலூர் – 607 001.
(பெயரும் கதவு எண்ணும் இணைப்பில் உள்ளன.)

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
கடலூர் மாவட்டம், கடலூர்.

நாள்: 03.08.2020

பொருள்: கொரோனா ஊரடங்கு – புதுச்சேரி பாகூர் கொம்யூனில் (உள்ளாட்சிப் பகுதியில்) உள்ள குடும்ப வீட்டைப் பார்த்துவர இ-பாஸ் (இணையவழிப் பயண அனுமதி) மறுக்கப்பட்டது – எல்லையின் இருபுறமும் வீடுள்ளோருக்குப் பகல்நேரத் தொடர் அனுமதிச் சீட்டு வழங்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் 62 வயதானவன்; கடலூர் மஞ்சக்குப்பத்தில் மாடி வீடொன்றில் வாடகைக்குக் குடியிருக்கிறேன். எங்கள் பூர்வீக வீடு புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த பாகூர் கொம்யூனில் ஒரு சிற்றூரில் இருக்கிறது. என் தாயாரின் தமக்கையான 81 வயதுப் பெரியம்மா இரண்டு பசுக்களோடு அங்கே தனியாக வாழ்கிறார். வீட்டு வரி என் பெயரில் வருகிறது. ஊரடங்குக்கு முன்பு வாரம் இரண்டு முறை, காலையில் இருசக்கர வாகனத்தில் புறப்பட்டுப் போய், மருந்து வாங்கிக் கொடுத்து, மாட்டுக்குத் தவிடும் புண்ணாக்கும் இறக்கிவைத்து, மாலை விளக்கு வைப்பதற்குள் கடலூர் திரும்பிவிடுவது என் வழக்கம். மார்ச் 25க்குப் பிறகு இன்றுவரை அந்த வீட்டுக்குள் ஒருமுறைகூட நான் காலடி எடுத்து வைக்கவில்லை.

தாங்கள் இம்மாவட்டத்தின் எல்லைகளை நன்கறிவீர்கள், இருந்தாலும் சொல்லவேண்டியிருக்கிறது. புதுச்சேரி ஒரே நிலப்பரப்பு அன்று. 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர் கைக்குத் துண்டு துண்டாக வந்த ஊர்கள், 1954 நவம்பர் 1ஆம் தேதி இந்திய நிர்வாகத்துக்கு மாறியபோதும் அதே துண்டுகளாகவே வந்தன. தமிழ்நாட்டு நிலத்துக்கு நடுவே புதுச்சேரித் திட்டுகளும், புதுச்சேரிக்கு நடுவே தமிழ்நாட்டுத் திட்டுகளும் இருப்பதால், எங்கள் பக்கத்து மக்களின் வாழ்க்கை உண்மையில் தீவுக்குத் தீவு போய்வருவதைப் போன்றதே. படகுக்குப் பதிலாக டவுன் பஸ். இந்தப் பக்கம் பெண் கொடுத்து அந்தப் பக்கம் பெண் எடுத்த குடும்பங்கள் எத்தனையோ. தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகப் பாகூர் ஏரிக்குப் போகும் தண்ணீர் தமிழ்நாட்டில் புறப்பட்டுப் புதுச்சேரி வயலில்தான் பாய்கிறது. அதற்கு யாரும் பாஸ் கேட்பதில்லை என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இப்போது கேலியாகச் சொல்கிறார்கள்.

என் வீட்டிலிருந்து பாகூர் வீட்டுக்கு 15 கிலோமீட்டருக்குள்தான். இன்றைய விதிப்படி நான் விருத்தாசலத்தையும் தாண்டித் திட்டக்குடி வரை எந்த அனுமதியும் இல்லாமல் போய்வரலாம், ஏனெனில் அது கடலூர் மாவட்டம். அரை மணி நேரத்தில் போய்ச்சேரும் சொந்த வீட்டுக்குப் போக முடியாது, ஏனெனில் அது வேறு மாநிலக் கணக்கு. ஜூன் 1 முதல் தமிழ்நாடு எட்டு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலை மாவட்டங்கள் ஒரே மண்டலமாக்கப்பட்டபோது மூன்று வாரங்களுக்கு மேல் அவற்றுக்குள் இ-பாஸ் இன்றியே போக்குவரத்து நடந்தது. அந்த நாட்களிலும் எங்களுக்கு வழி திறக்கவில்லை.

ஏப்ரல் மாதம் நடந்த ஒன்றைக் கூற அனுமதிக்க வேண்டுகிறேன். எல்லையில் ஒரு கிராமச் சாலையின் குறுக்கே சவுக்குக் கட்டைகளைக் கட்டி, முள் வெட்டிப் போட்டு அடைத்திருந்தார்கள். பெரியம்மாவுக்கு ரத்த அழுத்த மாத்திரை தீர்ந்துவிட்டது. அங்கிருந்த காவலரிடம் சொல்லி, அவர் சம்மதத்தின் பேரில், ஒரு மாதத்துக்கான மாத்திரைகளையும் புதிதாக மாற்றிய மூக்குக் கண்ணாடியையும் துணிப்பையில் போட்டு, பையைக் குடையின் கொக்கியில் மாட்டி முள்ளுக்கு மேலாக நீட்டினேன். அந்தப் பக்கம் மொபெட்டில் வந்து நின்ற பக்கத்து வீட்டுப் பையன் அதை வாங்கிக்கொண்டு, அதே கொக்கியில் ஒரு கட்டு முருங்கைக்காயையும், நெல் வைக்கும் அறையின் சாவியையும் மாட்டி அனுப்பினான். நடுவில் பத்தடிகூட இல்லை. கண்ணாடியைப் போட்டுப் பார்த்தாரா, சரியாக இருக்கிறதா என்று கேட்கக்கூட அன்று அவரை என்னால் பார்க்க முடியவில்லை. சாவியை ஏன் அனுப்பினார் என்பதைப் பிறகு கைப்பேசியில் கேட்டேன். “எனக்கு ஏதாவது ஆயிட்டா நீ பூட்டை உடைக்க வேணாமேப்பா” என்றார்.

கட்டைகள் பிறகு அகற்றப்பட்டுவிட்டன. ஆனால் இ-பாஸ் இருக்கிறது. ஜூலை மாதம் பெய்த இடிமழையில் எங்கள் வீட்டின் தாழ்வாரத்து ஓடுகள் சரிந்து, கைமரம் ஒன்று முறிந்து தொங்குவதைப் பக்கத்து வீட்டார் வாட்ஸ்அப்பில் படமெடுத்து அனுப்பினார்கள். கைமரத்தின் வெட்டுவாயில் கறையான் மண் தெரிகிறது. அதற்கு நேர் கீழேதான் பெரியம்மாவின் கயிற்றுக் கட்டில் கிடக்கிறது. நான் இ-பாஸுக்கு விண்ணப்பித்தேன். திருமணம், மருத்துவ அவசரம், நெருங்கிய உறவினர் இறப்பு ஆகியவற்றுக்கே பாஸ் கிடைக்கிறது; ஓடு சரிந்ததற்கு அதில் இடமில்லை. விவரத்தை உள்ளபடி எழுதி இரண்டு முறை அனுப்பினேன். இரண்டு முறையும் நிராகரிக்கப்பட்டது என்ற குறுஞ்செய்தி வந்தது.

விண்ணப்பத்தை ஏற்றித்தந்த கணினி மையத்துப் பையன், “மெடிக்கல்னு போட்டுடுங்க சார், ஒரு சீட்டு வாங்கிக்கலாம்” என்றான். தவறான எண்ணத்தில் சொல்லவில்லை. நாள்தோறும் பார்ப்பதைச் சொன்னான். 34 ஆண்டுகள் மாணவர்களின் விடுப்புக் கடிதங்களில் எது உண்மைக் காய்ச்சல், எது பொய்க் காய்ச்சல் என்று பார்த்து வந்தவன் நான். இந்த வயதில் பொய்க் காய்ச்சல் எழுதிக்கொடுக்க மனம் வரவில்லை. ஆனால் உண்மையை எழுதுகிறவனுக்குப் பாஸ் இல்லை என்றால், பொய்யை எழுதிப் போகிறவர்கள் எங்கே போகிறார்கள், யாரைச் சந்திக்கிறார்கள் என்ற விவரமும் அரசின் கையில் இருக்காது என்பதைத் தாங்கள் கருத வேண்டும்.

கட்டுப்பாடே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. மே மாத முதல் வாரத்தில் கோயம்பேடு சந்தையிலிருந்து திரும்பியவர்கள் வழியாக நம் மாவட்டத்தில் தொற்று எப்படிப் பெருகியது என்பதை இங்கிருந்து பார்த்தவன் நான். ஒரே நாளில் நூற்றுக்கும் மேற்பட்டோருக்குத் தொற்று என்று செய்தி வந்த அன்று எங்கள் தெருவில் யாரும் பால் வாங்கக்கூடக் கதவைத் திறக்கவில்லை. அந்த நேரத்தில் எல்லைகளை இறுக்கியது சரியே. மத்திய உள்துறை அமைச்சகம் ஜூலை 29ஆம் தேதி வெளியிட்ட மூன்றாம் கட்டத் தளர்வு நெறிமுறைகளில், மாநிலங்களுக்கு இடையிலும் மாநிலத்துக்கு உள்ளும் மக்கள் போய்வரத் தனி அனுமதி தேவையில்லை என்று கூறப்பட்டிருப்பதை நான் அறிவேன். ஆயினும் அதைக் காட்டி வழக்காடும் நோக்கம் எனக்கில்லை. தமிழ்நாடு அரசு ஆகஸ்ட் 31 வரை இ-பாஸ் முறையை வைத்திருக்க முடிவு செய்திருக்கும்போது, அந்த முறைக்குள்ளேயே எங்களைப் போன்றவர்களுக்கு ஓர் இடம் கேட்கிறேன்.

இரண்டாவது வீடு என்றாலே கொடைக்கானல் பங்களாவும் கடற்கரை ஓய்வு இல்லமும் நினைவுக்கு வருவது இயல்பு. என் விண்ணப்பத்தைப் பார்த்தவரும் அப்படித்தான் நினைத்திருப்பார் போலும். நகரத்தார் ஓய்வு இல்லங்களுக்குப் போய்க் கூடினால் சிற்றூர் மருத்துவமனைகள் தாங்காது என்ற கவலை உலகெங்கும் எழுந்தது. நார்வே நாட்டில் பணிபுரியும் என் தங்கை மகன் சொன்னது இது: அங்கே மார்ச் 19 முதல் ஏப்ரல் 20 வரை, சொந்த நகராட்சிக்கு வெளியே உள்ள தங்கள் மலைக்குடில்களில் யாரும் இரவு தங்கக் கூடாது என்று அரசு தடை விதித்திருந்தது. தடை இரவு தங்குவதற்குத்தான். பகலில் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குத் தடையில்லை. அமெரிக்காவின் ஹவாய்த் தீவுக் கூட்டத்தில் ஏப்ரல் 1 முதல் ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்குப் போகிறவர்கள் 14 நாள் தனிமையில் இருக்கவேண்டும் என்று விதித்தார்கள். இன்றியமையாப் பணியாளர்களுக்கு விலக்கு கொடுத்தார்கள். ஜூன் 16ஆம் தேதி அந்த விதியை நீக்கினார்கள். கடலுக்கு நடுவே இருக்கும் தீவுகளுக்கே இப்படி வகை பிரித்துப் பார்க்க முடிந்திருக்கிறது. நடுவே ஒரு பாலம் மட்டுமே உள்ள எங்களுக்கும் அப்படிப் பார்க்கலாம் அல்லவா?

பெரியம்மாவைக் கடலூருக்கே அழைத்து வந்துவிடக் கூடாதா என்று தாங்கள் கேட்கக்கூடும். மாடுகளைவிட்டு அவர் வரமாட்டார். அது அவர் பிடிவாதம் என்றே வைத்துக்கொண்டாலும், 65 வயதைக் கடந்தவர்கள் வீட்டிலேயே இருக்கவேண்டும் என்று அரசே அறிவுறுத்தியிருக்கும் காலத்தில், திறந்த வாசலும் வேப்பமரமும் உள்ள வீட்டிலிருந்து ஒரு முதியவரைப் பலரும் ஏறி இறங்கும் மாடிப்படிக் குடியிருப்புக்குக் கொண்டுவருவது எனக்கும் சரியாகப் படவில்லை. நானே அங்கு போய்த் தங்கிவிடலாம் என்றால், இங்கே டயாலிசிஸ் செய்துகொள்ளும் என் மனைவியை வாரம் இரண்டு முறை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேறு ஆளில்லை. ஆக, போய்வருவது ஒன்றே எங்களுக்கு வழி.

எனவே, பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005இன்படி மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவராகவும் விளங்கும் தாங்கள், புதுச்சேரி மாவட்ட ஆட்சியருடன் கலந்து பேசி, எல்லையின் இருபுறமும் வீடும் பராமரிக்க வேண்டிய முதியவரும் உள்ளவர்களுக்குப் பகல்நேரத் தொடர் அனுமதிச் சீட்டு ஒன்றை வழங்க ஆணையிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஒரு வீட்டுக்கு ஒருவர், ஒரு வாகனம், வாரத்தில் இரண்டு நாள், காலை 7 மணி முதல் மாலை 5 மணிக்குள் என்று வரையறுக்கலாம். முழு ஊரடங்கு நடைமுறையிலுள்ள ஞாயிற்றுக்கிழமைகளை விட்டுவிடலாம். கொம்யூன் பஞ்சாயத்தின் வீட்டு வரி ரசீதையும் குடும்ப அட்டையையும் சான்றாகக் கொள்ளலாம். எப்போதும் ஒரே சோதனைச் சாவடி வழியாகப் போய், அங்குள்ள பதிவேட்டில் போகும்போதும் வரும்போதும் கையெழுத்திட்டு, உடல் வெப்பம் பார்த்துக்கொள்ளச் சம்மதிக்கிறேன். இரண்டு ஊர்களில் எது கட்டுப்படுத்தப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டாலும் அன்றே சீட்டு செல்லாது என்று அதிலேயே அச்சிட்டுவிடலாம். சளி மாதிரி கொடுக்கச் சொன்னால் கொடுக்கிறேன். ஒன்றை மட்டும் வலியுறுத்திக் கேட்கிறேன்: அன்றே திரும்பி வருகிறவனை வெளிமாநிலத்தவன் என்று கணக்கெடுத்து 14 நாள் வீட்டுத் தனிமையில் வைத்தால், சீட்டு கொடுத்தும் கொடுக்காததாகவே முடியும், என் மனைவியின் சிகிச்சையும் நின்றுபோகும்.

புதுச்சேரியிலிருந்து வருகிற பைகளில் காவலர்கள் எதைத் தேடுகிறார்கள் என்பது ஊரறிந்த செய்தி. மே 25 முதல் அங்கே மதுவுக்குச் சிறப்பு வரி போட்டு விலையை இங்குள்ள அளவுக்குக் கொண்டுவந்துவிட்ட பின்னும் அந்த ஐயம் தீரவில்லை. எத்தனை முறை வேண்டுமானாலும் என் பையைத் திறந்து பார்க்கட்டும். முருங்கைக்காயும், மோர் மிளகாயும், பருவத்தில் பாகூர் நெல்லும் தவிர வேறொன்றும் இருக்காது.

நேற்று ஆடிப் பெருக்கு. ஆண்டுதோறும் அந்த வீட்டுக் கிணற்றடியில்தான் நாங்கள் படைப்பது வழக்கம். இம்முறை பெரியம்மா தனியாகப் படைத்துவிட்டுக் கைப்பேசியில் தகவல் சொன்னார். அவர் சொல்லும்போது பின்னால் தார்ப்பாய் காற்றில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் தாழ்வாரத்தைப் பிரித்து, கைமரம் மாற்றி, ரீப்பர் அடித்து, ஓடு போட்டாகவேண்டும். பாகூரில் ஆசாரி கிடைக்கிறார். மரத்தைப் பார்த்து வாங்கிக் கொடுக்கவும், வேலை நடக்கும்போது பெரியம்மாவை உள்ளறையில் இருத்திவைக்கவும் நான் நேரில் இருக்கவேண்டும். அதற்குக் குறைந்தது ஆறு பகல்கள் தேவைப்படும் என்று ஆசாரி சொல்கிறார். தொடர் அனுமதிச் சீட்டு முறை குறித்து முடிவெடுக்கக் காலமாகும் என்றால், இந்த ஆறு நாட்களுக்காவது தனி அனுமதி வழங்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டம் நடைபெறாத காரணத்தால் இம்மனுவைத் தங்கள் அலுவலக வாயிலில் வைக்கப்பட்டுள்ள பெட்டியில் சேர்க்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
மனுதாரர்

இணைப்பு: மனுதாரரின் பெயர், முகவரி விவரம், வீட்டு வரி ரசீது நகல், குடும்ப அட்டை நகல், இ-பாஸ் நிராகரிப்புக் குறுஞ்செய்திகளின் அச்சுப்படி, சரிந்த தாழ்வாரத்தின் புகைப்படம், மனைவியின் சிகிச்சை அட்டை நகல்.

நகல்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், புதுச்சேரி.