மாலை ஏழு மணிக்கு வந்து அளந்து பாருங்கள்

எங்கள் பகுதி மின்விநியோகத்துக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் மின் லைன் கடைசியில் கிடக்கும் கிராமங்களில் வோல்டேஜ் மாலையில் குறைவதும் திடீரென்று கூடுவதும் உங்களுக்குப் புதிதல்ல. எங்கள் முறைப்பாடுகள் உங்கள் கையில்தான் இருக்கின்றன. ஆனாலும் போன வாரம் பொதுநோக்கு மண்டபத்தில் மின்சேமிப்புக் கூட்டம் வைத்து, மின்சாமான்கள் பழுதாவதைச் சொன்னதற்கு "உங்கள் சாமான்கள்தான் தரமில்லை" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். அதனால்தான் இதை எல்லாரும் பார்க்க எழுதுகிறேன்.

கரண்டைச் சேமிக்க வேண்டும் என்பதில் எங்களுக்கு மறுபேச்சில்லை. 60 வோட்ஸ் குண்டு பல்ப் தந்த வெளிச்சத்தை 9 வோட்ஸ் எல்ஈடி தருகிறது. சாதாரண சீலிங் பேன் 70, 75 வோட்ஸ் இழுக்கும் இடத்தில் கரண்ட் குறைவாக இழுக்கும் மோட்டர் வைத்த புதிய பிஎல்டிசி பேன் 30 அளவில் ஓடுகிறது. மாதம் 60 யூனிட்டைத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே விலை மாறும் நாட்டில் இந்தக் கணக்குத் தெரியாத குடும்பம் இல்லை. ஆனால் வோல்டேஜ் குறைந்தால் குண்டு பல்ப் மங்கி எரியும், அவ்வளவுதான். புதுச் சாமான்களுக்குள் அவற்றை இயக்கும் ஒரு எலக்ட்ரோனிக் போர்ட் இருக்கிறது. ஏற்ற இறக்கத்தில் முதலில் போவது அதுதான்.

என் அக்கா வீட்டில் பால் ஐஸ் பக்கெட் செய்து விற்றுப் பிள்ளைகளைப் படிப்பிப்பவர். பில் குறையும் என்று நம்பி, பழைய பிரிஜைக் கொடுத்துவிட்டுத் தவணைக்கு இன்வேட்டர் பிரிஜ் எடுத்தார்; மோட்டர் வேகத்தைத் தேவைக்கேற்பக் கூட்டிக் குறைத்துக் கரண்டைச் சேமிக்கும் வகை அது. ஒரு நாள் இரவு கரண்ட் போய் வந்த கையோடு வீட்டு லைட் எல்லாம் பளிச்சென்று வெளுத்து எரிந்தன. பிரிஜின் பின்பக்கம் கருகல் மணம். திருத்த வந்த தம்பி போர்டைக் கழற்றிக் காட்டினார். ஓரமெல்லாம் கரி, நடுவில் தலை வெடித்த கப்பாசிற்றர். "குறைஞ்ச வோல்டேஜை இது ஓரளவு தாங்கும் அக்கா, கூடினதைத் தாங்காது. போஸ்ட்ல நியூட்ரல் வயர் லூசாகி வோல்டேஜ் கூடியிருக்கும்" என்றார். வோல்டேஜால் போனதற்கு வாரண்டி இல்லை என்று கடையில் கைவிரித்துவிட்டார்கள். பக்கெட்டுக்கு வைத்திருந்த பால் முழுக்கத் திரைந்து போனது. போர்ட் மாற்றக் காசில்லை. தவணை மட்டும் மாதாமாதம் போகிறது. மிச்சம் பிடித்த யூனிட்டுகள் இந்த நட்டத்தை எத்தனை வருடத்தில் ஈடுகட்டும், சொல்லுங்கள்.

ஸ்டெபிலைசர் போடச் சொல்கிறீர்கள். அதற்கும் காசு வேண்டும், அதுவும் கரண்ட் குடிக்கும். நீங்கள் தரவேண்டிய வோல்டேஜை நாங்கள் கடையில் வாங்க வேண்டுமா?

230 வோல்ட், கூடக்குறைய 6 வீதம். அதாவது 216க்கும் 244க்கும் இடையில். இது நாங்கள் கேட்கும் சலுகை இல்லை, விதி. மாலை ஏழு மணிக்கு எங்கள் வீட்டுப் பிளக்கில் மீற்றர் வைத்தால் 170 காட்டுகிறது. முறைப்பாடு செய்தால் உங்கள் ஆட்கள் காலை பத்து மணிக்கு வருகிறார்கள். அந்நேரம் ஊரே வயலில். வோல்டேஜ் ஒழுங்காகத்தான் இருக்கும். "சரி" என்று எழுதிக்கொண்டு போய்விடுகிறார்கள். தயவுசெய்து மாலையில் வந்து அளந்து பாருங்கள்.

2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை இருட்டில் இருந்தோம். 2023 பெப்ரவரியில் கட்டணம் சராசரியாக 66 வீதம் ஏறியது, அதையும் கட்டினோம். பில் பிந்தினால் வெட்ட ஆள் வருகிறது; நியூட்ரலை இறுக்க மட்டும் ஆளுமில்லை, வாகனமுமில்லை. வாவிக்கு இந்தப் பக்கம் என்றால் பஸ், தண்ணீர், கரண்ட் எல்லாமே பிந்தித்தான் வரவேண்டுமா? சரி, பஸ்ஸுக்கு நீங்கள் பொறுப்பில்லை.

உங்களிடம் பணிவாகக் கேட்பது, ஏழு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையில் ஒருமுறை மீற்றரோடு வாருங்கள். கம்பங்களில் நியூட்ரல் இணைப்புகளைப் பாருங்கள். மூன்று கரண்ட் வயரில் ஒன்றிலேயே, அதாவது ஒரே பேஸில், குவிந்திருக்கும் வீடுகளைப் பிரித்துவிடுங்கள், அதற்கும் போதாவிட்டால் பெரிய ட்ரான்ஸ்போமருக்கு எழுதுங்கள். அளந்த கணக்கில் எங்களுக்கும் ஒரு பிரதி தாருங்கள். வரும் நாளை முன்கூட்டிச் சொன்னால் கிராம அபிவிருத்திச் சங்கத்து ஆட்களோடு நானும் சந்தியில் நிற்பேன்.

நன்றி.
படுவான்கரையிலிருந்து ஒரு மின் பாவனையாளர்