ஆறு பென்ஸ் புத்தகக்காரர்

அன்புள்ள மீனாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். பதிப்பகம் ஆரம்பிக்கப் போவதாக நீ சொன்னதிலிருந்து அப்பாவுக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. எனக்கு அவ்வளவு பயம் இல்லை. ஆனால் நீயும் உன் தோழியும் எந்தக் கதையைப் போடலாம், அட்டைக்கு யாரை வரையச் சொல்லலாம் என்றுதான் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். என்ன விலை, எந்தக் கடை, வாங்கப்போவது யார் என்று இதுவரை ஒரு வார்த்தை இல்லை. நம் அச்சகத்தில் புரூஃப் பார்த்து, பில்லும் போட்டவள் நான். நல்ல புத்தகம் போட்டே நொடித்துப்போனவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்தாயிற்று. அதனால்தான் நீ இருக்கிற லண்டனிலேயே இந்தத் தொழிலைச் செய்த ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். பெங்குவின் பதிப்பகத்தை ஆரம்பித்த ஆலன் லேன்.

1902இல் பிரிஸ்டலில் பிறந்தவர். பெரிய படிப்பெல்லாம் இல்லை. பதினாறு வயதில் பள்ளியை விட்டுவிட்டு, உறவினர் ஜான் லேன் நடத்திய போட்லி ஹெட் பதிப்பகத்தில் 1919இல் வேலைக்குச் சேர்ந்தார். ஜான் லேனுக்குப் பிள்ளை இல்லை. பெயர் நிலைக்க வேண்டும் என்பதற்காக ஆலன் வீட்டார் வில்லியம்ஸ் என்றிருந்த தங்கள் குடும்பப் பெயரையே லேன் என்று மாற்றிக்கொண்டார்கள். 1925இல் பெரியவர் போய்ச் சேர்ந்தார். பேர் பெற்ற கம்பெனிதான், ஆனால் கல்லாவில் காசில்லை.

1934இல் டெவன் பக்கம் அகதா கிறிஸ்டி வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, எக்ஸிடர் ரயில் நிலையக் கடையில் படிக்க உருப்படியாக ஒன்றும் கிடைக்கவில்லையாம். பெங்குவின் அங்கேதான் பிறந்தது என்பார்கள். இருக்கட்டும். ஆனால் மெல்லிய அட்டை, ஒவ்வொரு வகைக்கும் ஒரு நிறம் என்பதையெல்லாம் ஜெர்மனியில் ஆல்பட்ராஸ் என்ற பதிப்பகம் 1932லேயே செய்துவிட்டது. அதை இவர் தயங்காமல் எடுத்துக்கொண்டார். இவருடைய சொந்தச் சரக்கு விலைதான். அப்போது ஒரு புது நாவல் கெட்டி அட்டையில் ஏழு ஷில்லிங் ஆறு பென்ஸ் (அந்தக் காலத்தில் ஒரு ஷில்லிங்குக்குப் பன்னிரண்டு பென்ஸ்). இவர் வைத்தது வெறும் ஆறு பென்ஸ், பதினைந்தில் ஒரு பங்கு. பத்து சிகரெட் உள்ள பாக்கெட்டும் அதே விலை.

கணக்குப் போட்டுப் பார். அந்த விலைக்கு ஆயிரம் இரண்டாயிரம் அடித்தால் கையைச் சுட்டுக்கொள்ள வேண்டியதுதான். பல்லாயிரம் பிரதிகள் போக வேண்டும், அதற்குப் புத்தகக் கடைகள் மட்டும் போதாது. கம்பெனியின் மற்ற இயக்குநர்கள் தள்ளி நின்றார்கள். தம்பிகள் ரிச்சர்டும் ஜானும்தான் கூட நின்றார்கள். முதல் பத்துப் புத்தகங்கள் 1935 ஜூலையில் வந்தன. காப்பாற்றியது உல்வொர்த். எதுவும் ஆறு பென்ஸுக்கு மேல் விற்காத கடை அது. அங்கே கொள்முதல் பார்த்தவர் தயங்கினார் என்றும், அந்த நேரம் பார்த்து வந்த அவர் மனைவி புத்தகங்களைப் பார்த்து நன்றாயிருக்கிறது என்றார் என்றும் ஒரு கதை உண்டு. ஆர்டர் 63,500 பிரதிகள். இந்த எண்ணைச் சொன்னதும்தான் அப்பா பேப்பரைக் கீழே வைத்தார்.

மலிவு என்பதற்காக அவர் அசிங்கமாகப் போடவில்லை, இதை நீ கவனிக்க வேண்டும். நாவலுக்கு ஆரஞ்சு, துப்பறியும் கதைக்குப் பச்சை, நடுவில் வெள்ளைப் பட்டை. பறவையின் பெயரை யோசித்துச் சொன்னது அலுவலகச் செயலாளராக இருந்த பெண். படம் வரைய எட்வர்ட் யங் என்ற இளைஞரை மிருகக்காட்சி சாலைக்கே அனுப்பினார்கள். கிடங்கு எங்கே தெரியுமா? மேரிலபோன் சாலையில் ஒரு தேவாலயத்தின் நிலவறை. திருவிழாவில் பிள்ளைகள் சறுக்குகிற சறுக்குமரம் ஒன்றை வைத்துப் புத்தகக் கட்டுகளை உள்ளே இறக்கினார்களாம். 1937இல் ஹார்மண்ட்ஸ்வொர்த்துக்குப் போனார்கள், இப்போது ஹீத்ரோ விமான நிலையம் இருக்கிற பக்கம். அதே வருஷம் அறிவு நூல்களுக்காகப் பெலிகன் வரிசையை ஆரம்பித்தார்கள். அதன் ஆசிரியர்களில் ஒருவர் நம் வி. கே. கிருஷ்ண மேனன், சென்னை பிரசிடென்சி காலேஜில் படித்தவர், பின்னாளில் பாதுகாப்பு அமைச்சர் ஆனாரே, அவரேதான். அவருக்கும் லேனுக்கும் ஒத்துப்போகவில்லை, சீக்கிரமே பிரிந்துவிட்டார்கள்.

அப்புறம் போர் வந்தது. சிப்பாய்களின் சட்டைப் பையில் பெங்குவின் அடங்கியது, விற்பனைக்குக் குறைவில்லை. ஆனால் தம்பி ஜான் 1942இல் கடற்படையில் இறந்தார்.

1960 வழக்கு உனக்குத் தெரிந்திருக்கும். டி. எச். லாரன்ஸின் ‘லேடி சாட்டர்லி’ நாவலை வெட்டாமல் மலிவு விலையில் போட முடிவுசெய்து இரண்டு லட்சம் பிரதிகளை அடித்து வைத்துக்கொண்டார். ஆபாசம் என்று வழக்கு. உங்கள் மனைவியோ வேலைக்காரர்களோ இதைப் படிப்பதை விரும்புவீர்களா என்று அரசு வக்கீல் ஜூரிகளைக் கேட்டார். ஜூரிகளில் மூன்று பேர் பெண்கள்! நவம்பர் 2 அன்று விடுதலை. சில வாரங்களில் இருபது லட்சம் போனது. அடுத்த பதிப்பை அந்தப் பன்னிரண்டு ஜூரிகளுக்கே சமர்ப்பணம் செய்தார்கள். துணிச்சல் இருந்தது, நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இரண்டு லட்சம் பிரதிகளைக் கையில் வைத்துக்கொண்டு காட்டிய துணிச்சல்.

அதே மனுஷர் 1966இல் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். சினே என்ற பிரெஞ்சுக்காரரின் கேலிச்சித்திரப் புத்தகத்தைத் தலைமை ஆசிரியர் டோனி காட்வின் வெளியிட்டார். மதத்தைக் கிண்டல் செய்கிறது என்று கடைக்காரர்கள் முறையிட்டார்கள். லேனுக்கும் பிடிக்கவில்லை. இயக்குநர் குழு புத்தகத்தின் பக்கம் நின்றது. லேன் ஒரு ராத்திரி ஆட்களோடு தன் கிடங்குக்கே போய்ப் பிரதிகளை எடுத்துக்கொண்டுபோய் எரித்துவிட்டார். அடுத்த வருஷம் காட்வினுக்கு வேலை போனது. 1970 ஜூலையில் லேன் இறந்தார், அந்த வருஷமே கம்பெனி பியர்சன் என்ற பெரிய நிறுவனத்தின் கைக்குப் போனது. லாரன்ஸுக்காகக் கோர்ட் வரை போனவர் இதைச் செய்தாரே என்று எனக்கு இன்னும் ஆறவில்லை. அப்பா அவர் பக்கம்தான். முதலாளிக்குப் பிடிக்காததை எதற்குப் போட வேண்டும் என்கிறார். இதில் எங்கள் சண்டை இன்னும் ஓயவில்லை.

உங்கள் இரண்டு பேருக்கும் அப்படி ஒரு புத்தகம் வராமல் இருக்காது. ஒருத்திக்கு உயிராக இருக்கும், இன்னொருத்திக்கு வயிற்றைக் குமட்டும். அப்போது கடைசி முடிவு யாருடையது? தோழிதானே என்று விட்டுவிடாதே. முதல் புத்தகம் அச்சுக்குப் போகும் முன்பே அதை எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு, எனக்கு ஒரு காப்பி அனுப்பு. முத்திரைத்தாளில் எழுதச் சொல் என்கிறார் அப்பா. அங்கே அதற்கெல்லாம் என்ன வழக்கமோ, கேட்டுச் செய். கூடவே எஸ்டிமேட்டும் வேண்டும்: எத்தனை பக்கம், என்ன காகிதம், எத்தனை பிரதி, கடைக்காரருக்கு எவ்வளவு கழிவு. கழிவு போக மிஞ்சுவதைத் தனியாக எழுது, மொத்தத்தோடு சேர்த்து மறைக்காதே.

அன்புடன்,
அம்மா