குளிர்குல்லாவும் இரண்டு கணக்குகளும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை நெருங்கினால், ஜப்பானுக்கும் கொரியாவுக்கும் புறப்படும் குடும்பங்கள் குளிராடைக் கடைகளை மொய்ப்பது நம் சிங்கப்பூரில் வழக்கமாகிவிட்டது. கனத்த மேலங்கியை உறவினரிடம் இரவல் வாங்கிவிடலாம். ஆனால் பிடித்த விலங்கின் முகமோ கேலிச்சித்திரப் பாத்திரத்தின் முகமோ கொண்ட குல்லாவும் அதற்கு இணையான கழுத்துப்பட்டையும் வேண்டும் என்று பிள்ளை அடம்பிடித்தால், நூலைக் கண்ணி கண்ணியாகக் கோத்துப் பின்னும் கொக்கி ஊசியான குரோஷே ஊசியைப் பிடிக்கத் தெரிந்த பாட்டியைத்தான் தேடுகிறார்கள். எங்கள் வீட்டில் அந்தப் பாட்டி நான். சென்ற ஆண்டு அப்படிப் பின்ன உட்கார்ந்தபோது பட்ட சங்கடத்தையும், அதையொட்டித் தமிழில் கைவேலை கற்பிப்பவர்களிடம் வைக்க விரும்பும் ஒரு வேண்டுகோளையும் உங்கள் நாளிதழின் வழியாகத் தெரிவிக்க அனுமதிக்க வேண்டுகிறேன்.

மகள் குடும்பம் டிசம்பரில் ஜப்பானின் சப்போரோ நகருக்குச் செல்வதாக இருந்தது. ஐந்து வயதுப் பேரன், பீஷான்-அங் மோ கியோ பூங்காவில் நீர்நாய்களைப் பார்த்த நாளிலிருந்து நீர்நாய்க் குல்லாதான் வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தான். மகள் ஒரு செய்முறையை அச்சிட்டுக் கொடுத்தாள். தொடக்க வளையத்துக்குள் ‘டபுள் குரோஷே’ என்ற பின்னலைப் பன்னிரண்டு முறை போட்டு, சுற்றுக்குப் பன்னிரண்டு வீதம் கூட்டிக்கொண்டே போக வேண்டும் என்று அதில் இருந்தது. பள்ளித் தையல் வகுப்பில் நான் கற்ற டபுள் குரோஷேயைத்தான் போட்டேன். நான்காவது சுற்றிலேயே வட்டம் தட்டையாகக் கிடக்க மறுத்தது. எண்ணெயில் போட்ட அப்பளம்போல் ஓரமெல்லாம் நெளிந்து எழும்பியது. என் இழுப்புத்தான் இறுக்கமோ என்று ஐயப்பட்டு இரண்டு முறை அவிழ்த்து மீண்டும் பின்னினேன். மூன்று மாலைப்பொழுதுகள் வீணாயின.

பிழை என் கையில் இல்லை, பெயரில் இருந்தது. பிரிட்டிஷ் முறையில் டபுள் குரோஷே என்பது அமெரிக்க முறையில் சிங்கிள் குரோஷே. அமெரிக்கர் டபுள் என்பது பிரிட்டிஷாருக்கு டிரெபிள். மகள் தந்த செய்முறை கேட்ட அந்த அமெரிக்க டபுள், நான் போட்டதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு உயரமானது. உயரமான பின்னலுக்குச் சுற்றுக்குப் பன்னிரண்டு கூட்டினால் வட்டம் தட்டையாக இருக்கும். குட்டைப் பின்னலுக்கு ஆறு போதும். பிரிட்டிஷார் வகுத்த பாடத்தில் வளர்ந்த என் வயதினர் சிங்கப்பூரில் பலர் இருக்கிறோம். இன்றைய இளையரோ பெரும்பாலும் அமெரிக்கச் செய்முறைகளைப் பார்த்தே கற்கிறார்கள். ஆகவே பாட்டியும் பேத்தியும் ஒரே சொல்லைச் சொல்லி வெவ்வேறு பின்னல்களைப் போட்டுக்கொண்டிருக்கிறோம். செய்முறையில் ‘சிங்கிள் குரோஷே’ என்ற சொல் எங்காவது இருந்தால் அது அமெரிக்க முறை என்று அடையாளம் காணலாம். இன்றைய பிரிட்டிஷ் முறையில் அந்தப் பெயர் வழக்கில் இல்லை. இதை எனக்குச் சொல்ல ஆளில்லை. ஒரு கைவேலை வகுப்பில் கேட்டபோது, “எல்லாம் ஒன்றுதான் ஆன்ட்டி” என்ற பதில்தான் கிடைத்தது.

இரண்டு கணக்குகளுக்கும் அடிப்படை இருப்பது பிறகு பின்னிப் பார்த்தபோதுதான் புலப்பட்டது. ஊசியை நுழைத்து நூலை வெளியே எடுத்ததும், ஊசியில் எத்தனை கண்ணிகள் நிற்கின்றன என்று எண்ணினால் பிரிட்டிஷ் பெயர் வருகிறது: இரண்டு நின்றால் டபுள், மூன்று நின்றால் டிரெபிள். அதன்பின் கண்ணிகளின் ஊடாக எத்தனை முறை நூலை இழுத்து முடிக்கிறோம் என்று எண்ணினால் அமெரிக்கப் பெயர் வருகிறது: ஒருமுறை என்றால் சிங்கிள், இருமுறை என்றால் டபுள். தமிழில் கற்பிப்பவர்கள் இந்த இழுப்புக் கணக்கையே எடுத்துக்கொண்டு ஓரிழுப்பு, ஈரிழுப்பு, மூவிழுப்பு என்று சொல்லலாமே என்பது என் எண்ணம். கையால் செய்வதையே சொல் காட்டுகிறது, மறக்கவும் மறக்காது. இதைவிட நல்ல பெயர்கள் இருந்தால் தமிழாசிரியர்கள் சொல்லட்டும், மகிழ்ச்சியோடு மாற்றிக்கொள்வேன்.

பெயர்க் குழப்பம் தீர்ந்தபின் வேலை எளிதாயிற்று. பேரனின் தலைச் சுற்றளவு 50 செண்டிமீட்டர். குல்லா தலையைப் பற்றி நிற்க அதைவிட இரண்டு மூன்று செண்டிமீட்டர் குறைவாக, 47 அல்லது 48 என்று பின்ன வேண்டும். அதை 3.14ஆல் வகுத்தால் உச்சி வட்டத்தின் குறுக்களவு 15 செண்டிமீட்டர். அந்த அளவு வந்ததும் கூட்டுவதை நிறுத்திவிட்டு நேராக இறக்கினால் போதும். பழுப்பு நூலில் குல்லா, இரண்டு அரைவட்டக் காதுகள், வெளிர்நிறத்தில் நீள்வட்ட மூக்குப்பகுதி. இங்குள்ள நீர்நாய்க்குத் தொண்டை வெளிறியிருக்கும் என்பதால், கழுத்துப்பட்டையை அதே வெளிர்நிறத்தில் பின்னினேன். இரண்டையும் சேர்த்து அணிந்தபோது விலங்கு முழுமையாயிற்று. அணிவித்துப் பார்க்கத்தான் பெரும்பாடு. வெளியே வெப்பநிலை 32 டிகிரி. குளிர்சாதனத்தை 18இல் வைத்து, ஐஸ்கிரீமும் கொடுத்த பிறகே பிள்ளை தலையை நீட்டினான்.

அழகைவிடப் பாதுகாப்பை முதலில் பார்க்க வேண்டிய இடங்கள் இரண்டு. இத்தகைய குல்லாக்களில் காதை மூடும் மடல்களிலிருந்து நீண்ட நூல் சடைகளைத் தொங்கவிடுவதும் நீள மஃப்ளரைச் சுற்றிவிடுவதும் பார்க்க நன்றாக இருக்கும். சறுக்குமரத்திலோ பேருந்துக் கதவிலோ சிக்கினால் அது கழுத்தை இறுக்கும். அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் சிறுவர் மேலாடைகளின் கழுத்திலும் தலைமூடியிலும் இழுகயிறு கூடாது என்று 1996ஆம் ஆண்டிலேயே வழிகாட்டியிருக்கிறது. நுனி தொங்காமல் வளையமாக மூடிய கழுத்துப்பட்டை அதனால்தான் எனக்கு உகந்ததாகப்படுகிறது. முன்புறமும் பின்புறமும் மாறி மாறி ஊசியைச் செலுத்தி வரிவரியாகப் பின்னினால் அது நெகிழ்ந்து தலை வழியே நுழையும். அடுத்தது கண்கள். மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் குல்லாவில் பிளாஸ்டிக் கண்ணோ பொத்தானோ வேண்டவே வேண்டாம். கழன்றால் வாய்க்குத்தான் போகும். கறுப்பு நூலால் தைத்த கண்ணே போதும்.

நூலைப் பற்றியும் ஒரு சொல். நம் வெயிலுக்குப் பழகிய கை பருத்தி நூலைத்தான் தேடும். பனியில் பருத்தி ஈரத்தை வாங்கிச் சில்லிட்டுவிடும். கம்பளியோ ஈரம் ஏறினாலும் கதகதப்பை எளிதில் விடாது. கம்பளி உறுத்தும் பிள்ளைகளுக்கு மென்மையான அக்ரிலிக் போதுமானது, துவைப்பதும் எளிது. பிரபலப் பாத்திரங்களின் முகத்தை வீட்டுப் பிள்ளைக்காகப் பின்னுவதோடு நிற்காமல் விற்பனைக்கும் பின்னுவோர், உரிமையாளரின் அனுமதியைப் பற்றிச் சற்று யோசிப்பது நல்லது. நீர்நாய் யாரிடமும் உரிமை கேட்காது!

சமூக மன்றங்களிலும் மூத்தோர் குழுக்களிலும் தமிழில் குரோஷே கற்பிப்பவர்கள் முதல் நாளிலேயே இந்த இரண்டு கணக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கைவேலைச் செய்முறை எதையேனும் உங்கள் நாளிதழ் வெளியிடும்போது, அது எந்த முறையில் எழுதப்பட்டது என்பதைத் தலைப்புக்குக் கீழேயே ஒரு வரியில் குறிப்பிட்டால் என்னைப் போன்றவர்களுக்கு மூன்று மாலைகள் மிச்சமாகும். நீர்நாய்க் குல்லாவின் அளவுகளை முழுமையாக எழுதி அனுப்பவும் அணியமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
ஈசூன்